கெட்டி வேறு, உறுதி வேறு

கர்த்தருடைய சமுகத்தில் இளைப்பாறும் என் அண்ணனைப் பற்றி இந்த நினைவு மலருக்கு நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஆயர் ஐயா, "அமைதியா எழுதும்மா, வாசிக்கிறவங்களுக்கு ஆறுதலா இருக்கணும்" என்று கேட்டுக்கொண்டார். ஐயா மன்னிக்க வேண்டும். பத்தொன்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்த வாய் இது. குறுக்கே பேசுகிறவர்களை அதட்டியே பழகிவிட்டது. ஓராண்டு நினைவு ஆராதனைக்கு வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் என் அண்ணனைப் பற்றிக் குறுக்கே பேசியவர்கள்தான். ஆறுதல் வேண்டுமென்றால் முதல் பக்கத்துச் சங்கீதத்தைப் படித்துக்கொள்ளுங்கள்.

என் கோபத்துக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். தங்கை வீட்டு வேனின் சக்கரங்களுக்கு மட்டமான ரப்பர் புஷ் போட்டு அதைக் கவிழ்த்தவர் என்ற பெயரோடு என் அண்ணன் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு வந்த இரண்டு பேர் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே அதைப் பேசிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன். மண் போட்ட கை காயவில்லை, அதற்குள் அந்தப் பேச்சு! அந்தப் பெயரைத் துடைக்காமல் இன்றைக்கு நான் பேனாவைக் கீழே வைக்கப் போவதில்லை.

அண்ணன் பிறந்தது கேளம்பாக்கத்தில். அப்பா உப்பளத்தில் கணக்குப்பிள்ளைக்கு உதவியாக இருந்தார். எனக்கு மூன்று வயது, அண்ணனுக்குப் பதினொன்று ஆகும்போது அப்பா காய்ச்சலில் காலமானார். மிஷன் விடுதி ஒன்றில் சமையல் வேலை கிடைத்து அம்மா எங்களைத் தாம்பரத்துக்கு அழைத்து வந்தார். அண்ணன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, பல்லாவரம் பக்கம் ஒரு ரப்பர் கம்பெனியில் அச்சுப் பிரிவில் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தது அவர். வேலைக்கு மனு எழுதிப் போட்டது அவர். எனக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவரேதான். இப்படியெல்லாம் எல்லா மலரிலும் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். இங்கே அது வெறும் சம்பிரதாயம் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அண்ணன் அந்த வேலையை விட்டுவிட்டு, மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலைப் பக்கம் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் சொந்தத் தொழில் தொடங்கினார். கார்களுக்கும் வேன்களுக்கும் புஷ் செய்து மாட்டிக் கொடுக்கும் தொழில். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை சட்டத்தோடு சேருகிற இடத்திலும், அந்தச் சட்டம் வண்டியின் உடலோடு சேருகிற இடத்திலும் டம்ளர் அளவில் ஓர் உருளை இருக்கும். வெளியே ஓர் இரும்புக் குழாய், உள்ளே ஓர் இரும்புக் குழாய், இரண்டுக்கும் நடுவே ஒட்டிய ரப்பர். அதுதான் புஷ். சக்கரம் பள்ளத்தில் விழும்போது அந்த அடியை ரப்பர் வாங்கிக்கொள்ளும். ரப்பர் வாங்காவிட்டால் இரும்பு வாங்கும். வாங்கி வாங்கி ஒருநாள் விரிசல் விடும். இதை அண்ணன் உங்கள் எல்லோருக்கும் ஆளுக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். யார் காது கொடுத்துக் கேட்டீர்கள்?

புஷ் கேட்டு வருகிறவரிடம் முதலில் விசாரணைதான். எத்தனை பேரை ஏற்றுவீர்கள்? எஞ்சினில் எண்ணெய் ஒழுகுகிறதா? ஓடுவது வழவழவென்ற ஜி.எஸ்.டி. ரோட்டிலா, குன்றத்தூர்ப் பக்கத்துக் குண்டு குழியிலா? எண்ணெய் படுகிற இடம் என்றால் இயற்கை ரப்பர் ஊறி உப்பிக் கூழாகிவிடும், அங்கே செயற்கை ரப்பர்தான் என்பார். எண்ணெய் படாத இடத்துக்கு இயற்கை ரப்பரை அடிக்க ஆளில்லை, எத்தனை தடவை முறுக்கினாலும் பழையபடி திரும்பும் என்பார். பழைய லாரி டயரை வட்டமாக வெட்டிச் செருகி அனுப்புகிற பட்டறைகளைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நைலான் மேல் அவருக்குப் பகை கிடையாது. கியர் கம்பி மாதிரி வெறுமனே சுழலும் இடங்களுக்கு அவரே நைலான் கடைந்து போடுவார். "நைலான் கெட்ட சாமான் இல்ல பாப்பா. அடி வாங்குற இடத்துல கொண்டுபோய் அதை வைக்கிறாங்க பாரு, அதான் தப்பு" என்பார். "எனக்கு எதுக்குண்ணா இதெல்லாம்? நான் என்ன லாரியா ஓட்டப் போறேன்?" என்று சிரிப்பேன்.

வருகிற டிரைவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றுதான். "ரப்பரு வேணாம் சார், நல்லா கெட்டியா எதுனா போட்டு வுடு." கெட்டி! நம்முடைய தமிழில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற மரியாதையைப் பாருங்கள். கெட்டிச் சட்னி, கெட்டித் தயிர், கெட்டிச் சாயம், கெட்டிக்காரப் பிள்ளை. கெட்டியாக இருந்தால் நல்லது, நீடித்து உழைக்கும் என்று பால் குடிக்கிற வயதிலிருந்து நமக்கு நினைப்பு. அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார். "கெட்டி வேற, உறுதி வேறப்பா. உன் முழங்கால்ல எலும்புக்கு நடுவுல ஜவ்வு இருக்குதே, அது மெத்துனு இருக்குன்னு எடுத்துட்டு ஒரு கூழாங்கல்லை வச்சித் தைக்கட்டுமா?" ரப்பரில் கட்டை விரல் நகத்தை அழுத்திக் காட்டுவார். பள்ளம் விழ வேண்டும், விரலை எடுத்ததும் மறைய வேண்டும். அதுதான் அவர் கணக்கில் உறுதி.

கழற்றிய பழைய புஷ்களையும் எறிய மாட்டார். ஒவ்வொன்றும் எதனால் வீணானது என்று அட்டைத் துண்டில் எழுதி, கம்பியால் கட்டி, ஷெட்டின் பின்சுவர் அலமாரியில் அடுக்கி வைப்பார். "எண்ணெய்" என்று ஒன்றில் இருக்கும். "அதிகப் பாரம்" என்று இன்னொன்றில். "தூக்கி வைத்து முடுக்கியது" என்று வேறொன்றில். அண்ணி அந்த அலமாரிக்கு வைத்த பெயர் பிணவறை.

"தூக்கி வைத்து முடுக்கியது" ஏன் தப்பு என்று எங்கள் வேனுக்கு வேலை நடந்த அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கணவர் ஒரு பழைய வேன் வாங்கினார், கம்பெனி ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கவும் கல்யாணச் சவாரிக்கும். அதற்கு முன்பக்கத்துப் புஷ் எல்லாவற்றையும் அண்ணன் புதிதாகப் போட்டார். மற்ற மெக்கானிக்குகள் வண்டி ஜாக்கியில் நிற்கும்போதே நட்டை முடுக்கி அனுப்பிவிடுவார்கள். சக்கரம் தொங்குகிற நிலையில் முடுக்கினால், தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து கிழிந்துவிடும் என்பது அண்ணன் கட்சி. வண்டியை இறக்கி, ஆட்களை ஏற்றி உட்கார வைத்த பிறகுதான் அடியில் படுத்து முடுக்குவார். அன்றைக்கு உட்கார்ந்தது நானும் பிள்ளைகளும் என் மாமியாரும். ஞாயிறு ஆராதனைக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு மாமியார் நகராத வேனில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாப்பா, போட்டோ புடிக்கிறா மாதிரி குந்த வச்சிகினு கீறே! வண்டி எப்பதான் கெளம்பும்?"

அடியிலிருந்து அண்ணன் குரல் வந்தது. "கெளம்பாதுங்க அத்தை. இன்னிக்கு நீங்கதான் எடைக்கல்லு."

மாமியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஆடாதீங்க அத்தை, நட்டு இன்னும் இறங்கலை" என்று அண்ணன் கத்தினார். அவ்வளவு ஒட்டுதலாக இருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேரும்.

பத்து மாதம் கழித்து அந்த வேனில் ஒரு ஞானஸ்நானத்துக்காக வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு வளைவில் முன்பக்கம் இடது சக்கரம் உள்பக்கமாக மடங்கியது. வேன் ஓரத்துப் பள்ளத்தில் சரிந்தது. எங்களுக்கெல்லாம் சிராய்ப்பு. மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. வண்டியைத் தூக்க வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "புஷ்ஷு இருக்கிற எடத்துலதான் வுட்டுக்கினு கீது" என்றார். கூடியிருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் என் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். சேதி கேட்டு மொபெட்டில் பறந்து வந்திருந்த அண்ணன், வண்டிக்கு அடியில் படுத்து வெகுநேரம் பார்த்தார். எதையோ கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். என் கணவரை ஒரு தடவை பார்த்தார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். பெற்ற தாய்க்கு அடிபட்ட துக்கத்தில் குனிகிறார் என்று நினைத்தேன். மடச்சி!

ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவர் கேட்டார். "நீ பார்த்த வண்டிதானேப்பா இது?"

"ஆமாங்க, நான் பார்த்த வண்டிதான்" என்றார் அண்ணன்.

அத்தனை பேருக்கு முன்னால் நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தியே அண்ணா, எங்க வண்டிக்கு எந்தக் குப்பையைப் போட்டே? வூட்டு வண்டிதானேன்னு இளப்பமா?" "பாப்பா, அத்தைக்கு ஆபரேஷன் முடியட்டும்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் அவரோடு பேசவில்லை. உங்களை எல்லாம் திட்டுகிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று யாராவது கேட்டால், இல்லை. இருந்தாலும் திட்டுவேன்.

பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள், செய்தவர்களே நீங்கள்தானே? டாக்சி ஸ்டாண்டில் அவரை "ரப்பர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சபை வேனை அவர் காசு வாங்காமல் பார்த்துவந்தார், அதையும் வேறு ஆளிடம் கொடுத்தீர்கள். அடுத்த சபைக் கமிட்டியில் அவர் பெயரை யாரும் முன்மொழியவில்லை. தாம்பரத்து வண்டிகளுக்குக் கை கொடுத்த மனிதர், ஸ்டூல் காலுக்கும் மிக்சி அடிக்கும் ரப்பர் மூடி அச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல், வாக்கர் என்ற நாலுகால் சட்டத்தைப் பிடித்து நடமாடும் மாமியாரைப் பார்க்க வருவார். மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அண்ணன் கதவோரம் கொஞ்ச நேரம் நின்று ஜெபம் பண்ணிவிட்டுப் போவார். ஐந்து வருடம் இப்படி! போன வருடம் நெஞ்சுவலி வந்து மூன்றே நாள். "ரப்பர்காரர் போயிட்டாராமே" என்றார்கள்.

அடக்கம் முடிந்து மூன்றாவது வாரம், ஷெட்டைக் காலி செய்ய அண்ணிக்குத் துணையாகப் போனேன். பிணவறை அலமாரியின் கடைசி வரிசைக்குப் பின்னால், துணியில் சுற்றிய ஒரு புஷ் கிடைத்தது. கறுப்பு நிறம். அட்டையில் அண்ணன் கையெழுத்து. "மாப்பிள்ளை வேன். முன் இடது. கெட்டி." அவ்வளவுதான். எண்ணெய் இல்லை, பாரம் இல்லை. கெட்டி.

நகத்தை அழுத்திப் பார்த்தேன். பள்ளம் விழவில்லை. ஓரிடத்தில் அண்ணன் கத்தியால் சுரண்டியிருந்தார். கறுப்பு வெறும் பெயிண்ட். உள்ளே வெள்ளை வெளேரென்று நைலான்.

அதை எடுத்துவந்து என் கணவரின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டார்.

"பத்து பேரு ஏத்துற வண்டியில பதினெட்டு பேரை ஏத்திக்கினு இருந்தேன். டொக்கு டொக்குனு சத்தம் வந்துச்சி. மச்சான்கிட்ட போனா, ஆளைக் கொறைங்கன்னு திட்டுவாரு. ஸ்டாண்டுல எல்லாரும், ரப்பருன்னா தேயத்தான் செய்யும், கெட்டியா போட்டுடு, ஆயுசுக்கும் சத்தம் வராதுன்னாங்க. லேத்துல நைலான் கடைஞ்சி மாட்டிட்டேன். சத்தம் போயிடுச்சி. வண்டி கல்லு மாதிரி நின்னுது."

"கறுப்புப் பெயிண்ட்?"

"கிரீஸ் போட மச்சான் அடியில படுப்பாரு இல்ல..." என்றார். தட்டைத் தள்ளி வைத்தார்.

நைலான் வளைந்து கொடுக்கவில்லை. அடியெல்லாம் சட்டத்துக்குப் போயிற்று. சட்டத்தில் புஷ் உட்காரும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, அன்றைக்கு விட்டுப்போனது. அண்ணன் போட்ட ரப்பர் அப்போது அந்த வண்டியிலேயே இல்லை. வெள்ளையைக் கறுப்பாக்கி, அதை மச்சான் கண்ணிலிருந்து மறைத்து, அந்த மச்சான் தலையிலேயே பழி விழுந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு நின்றவரோடு நான் ஐந்து வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

அண்ணன் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஆபரேஷனுக்கு மறுநாள் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் அண்ணன் சொன்னதை என் கணவர் வார்த்தை மாறாமல் சொன்னார். "மாப்பிள்ளை, போன மாசம் நான் அடியில படுத்து டார்ச் அடிச்சேன். கறுப்பா இருந்துச்சு, சரின்னு எழுந்துட்டேன். நகத்தால ஒரு அழுத்து அழுத்திப் பார்த்திருக்கணும், அது என் தப்பு. அத்தை இனிமே உங்க கையைப் பிடிச்சித்தான் நடக்கணும். அந்தக் கை மேலயே அவங்களுக்கு வெறுப்பு வந்துட்டா அப்புறம் எப்படி எழுந்து நடப்பாங்க? விட்டுடுங்க, யாருக்கும் சொல்ல வேணாம்."

விட்டுடுங்களாம்! எல்லோரும் இதைப் பெருந்தன்மை என்பீர்கள். எனக்கு வயிறு எரிகிறது. அண்ணா, உன்னை யார் சிலுவை சுமக்கச் சொன்னது? அண்ணியைக் கேட்டாயா? என்னைக் கேட்டாயா? நடுவில் நின்று அடி வாங்குவது ரப்பருக்கு வேலை. மனுஷனுக்கு அது வேலை இல்லை. என்னிடமாவது சொல்லியிருந்தால் ஆறு மாதம் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேனா? அந்த ஆறு மாதத்தை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

இந்தக் கட்டுரையை முதலில் எழுதும்போது, குடும்ப மானம் என்று எங்கள் பிள்ளைகள் கெஞ்சியதால், நைலானை மாட்டியவரை "நெருங்கிய உறவினர் ஒருவர்" என்று எழுதியிருந்தேன். அச்சகத்திலிருந்து திருத்துவதற்கு வந்த தாளை என் கணவர் எடுத்துப் படித்தார். என் சிவப்புப் பேனாவை வாங்கி, அந்தச் சொற்கள் வந்த இடத்திலெல்லாம் அடித்துவிட்டு "என் கணவர்" என்று எழுதினார். பிறகு எழுந்து தன் தாயின் அறைக்குப் போனார். நான் வாசற்படியில் நின்று கேட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "இந்த வாக்கருக்குக் கீழ நாலு ரப்பர் இருக்குதே, கடையில வாங்கினேன்னு சொன்னேனே, அதுவும் மச்சான் அச்சுப் போட்டதும்மா. தேயத் தேய மாத்திக் குடுப்பாரு. யாரு குடுத்ததுன்னு சொல்லாதீங்கன்னாரு" என்றார்.

மாமியார் வாக்கரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "அந்தப் புள்ள வந்து நின்னப்பல்லாம் செவுத்தைப் பாத்துக்கினு படுத்திருந்தேனேடா" என்றார். அழவில்லை. மகன் மேல் கையிலிருந்த பைபிளை எறிவார் என்றுகூட எதிர்பார்த்தேன், எறியவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார்.

"நீ இதெல்லாம் எழுதிக்கினு கீறியே, எத்தினி பேரு படிப்பான்? பாதிப் பேரு போட்டோவைப் பாத்துட்டு மடிச்சி வச்சிகினு சோத்துக்குப் போயிடுவான். கட்டு மொத்தமும் என்கிட்ட குடு. நான் கோயில் வாசல்ல நிக்கிறேன். ஒவ்வொருத்தன் கையிலயும் நானே குடுத்து, நானே வாயால சொல்றேன்."

உதவியவர்களுக்கு நன்றி சொல்லி முடிப்பது முறை. மூன்று நாளும் பக்கத்தில் இருந்த டாக்டர் ஐயாவுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்தவர்களுக்கும், ஒரு நாளும் அண்ணனைச் சந்தேகிக்காத என் அண்ணிக்கும் நன்றி. சிவப்புப் பேனாவை எடுத்ததற்காக என் கணவருக்கு நன்றி, மன்னிப்பு இன்னும் இல்லை.

இப்போது தலையை நிமிர்த்தி வாசலைப் பாருங்கள். எழுபத்து மூன்று வயதில், முறிந்த இடுப்போடு, வாக்கரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இந்த மலரை உங்களிடம் நீட்டியவர் என் மாமியார். அவர் சொன்னது உங்கள் காதில் விழவில்லை என்றால், எழுந்து போய் இன்னொரு தடவை கேட்டுவிட்டு வந்து உட்காருங்கள். ஆராதனை அதற்குப் பிறகு தொடங்கட்டும்.

தங்கை
மேற்குத் தாம்பரம்